தையலின் பின்பக்கம்

நான் முதன்முதலில் தைத்த தோல் பர்ஸை வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துவிட்டு, "கடையில வாங்குனது மாதிரியே இருக்கு" என்றார்கள். சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனுக்கு வெளியே குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்பு தைக்கும் பெரியவரிடம் நீட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பிடித்து, பின்பக்கத் தையல் வரிசையில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார். மூன்றாவது தையலில் நகம் தட்டி நின்றது.

"இங்க ஊசி சாஞ்சுருக்கு சார். முன்னாடி நேரா வந்துருச்சு, பின்னாடி வழி தப்பிருச்சு. குத்தும்போது தோலப் பாக்காதீங்க, கையப் பாருங்க."

அந்த வாரம் முழுக்க நான் கையைப் பார்த்துக்கொண்டே குத்தினேன். வீட்டிலும் வேலையிடத்திலும் கிடைத்த பாராட்டு இரண்டே நாளில் மறந்துபோனது. நகம் தட்டிய இடம் மட்டும் இன்றுவரை விரலில் இருக்கிறது.

தோல் வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் சென்னையின் மேற்குப் புறநகரில் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். பெரும்பாலோர் மூன்றாவது பர்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள். உலகத்துக்கே தோல் பதனிட்டுக் கொடுத்த மாநிலத்தில், கருவி செய்யும் பட்டறைகள் தெருத்தெருவாக இருக்கும் ஊரில், இந்தக் கைவேலை ஏன் வேர் பிடிக்கவில்லை? புதிதாக ஊசியெடுப்பவருக்கு என்ன கிடைத்தால் நான்காவது பொருளைத் தொடுவார்? தோலும் கருவியும் இங்கே பெரிய தடையில்லை, தெரிந்தவர் பக்கத்தில் போய் உட்காரத்தான் நமக்கு வரவில்லை என்பது என் முடிவு. அதற்கு வந்துசேர்ந்த வழியைச் சொல்கிறேன்.

முதலில் தோல். ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பெரியமேடு, சைடன்ஹாம்ஸ் சாலை. தோல் மண்டிகள் வரிசையாக நிற்கும் அந்த இடம் தென்னிந்தியத் தோல் வணிகத்தின் பழைய தலைவாசல். சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். முழுத் தோல் வேண்டாம் என்றால் துண்டுகளை எடைபோட்டுத் தருவார்கள். புதிதாகப் போகிறவர் வழவழப்பாகக் கண்ணைப் பறிக்கும் ஆட்டுத்தோல் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புவார். அங்கேதான் அவருடைய முதல் தோல்வி தொடங்குகிறது.

கடையில் கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி குரோம் தோல். குரோமிய உப்பில் பதனிட்டது, மென்மையானது, சாயம் நன்றாகப் பிடிப்பது. ஷூவின் மேல்பாகத்துக்கும் தோல் சட்டைக்கும் அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் கைவேலையில் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் ஓரம் தேய்ப்பது. வெட்டிய ஓரத்தை லேசாக ஈரப்படுத்தி மரக்கட்டையால் தேய்க்கத் தேய்க்க, கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் அப்படி மினுங்கும். குரோம் தோலை மணிக்கணக்கில் தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகத்தான் நிற்கும். நாலு பேர் சேர்ந்து பாராட்டினாலும் அந்த ஓரம் மினுங்கப்போவதில்லை. தேய்த்தவரோ தன் கைக்குத்தான் இது வராது என்று நினைத்துக்கொள்கிறார். வெட்டிய ஓரத்தைப் பிரித்துப் பார், நடுவில் சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் குரோம், பழுப்பாக இருந்தால் பட்டைத்தோல் என்று யாராவது ஒருவர் கடை வாசலில் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அதைச் சொல்ல ஆள் கிடைக்க எட்டு மாதம் ஆனது.

இதில் வருத்தம் என்னவென்றால், பட்டைத்தோலுக்குத் தமிழ்நாடுதான் தாய்வீடு. மஞ்சள் பூ பூத்து வேலியோரம் நிற்கும் ஆவாரைச் செடியின் பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயின. கிழக்கிந்தியத் தோல், சுருக்கமாக ஈ.ஐ. தோல் என்று அதற்குப் பெயர். பிறகு ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பிடித்தது. முதலில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பட்டை, பின்னால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்ட மரங்களிலிருந்து கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி ஒரு புறநகருக்கே குரோம்பேட்டை என்ற பெயரைக் கொடுத்தது. 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1970களில் அரைப்பதத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுப்பொருளாக அனுப்பச் சொன்னது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் ஷூவின் பக்கம் திரும்ப, ஷூவுக்கு வேண்டிய குரோம் தோல் பெருகியது. குரோம் கழிவு பாலாற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன செய்தது என்பதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன தீர்ப்பைப் படித்தவர்கள் அறிவார்கள்.

ஈ.ஐ. தோல் அழிந்துவிடவில்லை. புவிசார் குறியீடு பெற்று, திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களில் இன்றும் தயாராகிறது. வெயிலில் வைத்தால் தேன் நிறத்துக்கு மாறும். தண்ணீரில் நனைத்து அச்சில் அழுத்தினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். பொழுதுபோக்குக்காரர் உலகம் முழுக்கத் தேடுகிற குணங்கள் இவை. நம் ஊரில் ஒருவர் இத்தாலியத் தோலுக்குக் காசு சேர்க்கும்போது, திண்டுக்கல் தோல் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு மனது அடித்துக்கொள்கிறது.

அடுத்தது கருவி. இங்கேதான் மேற்குப் புறநகர் மற்ற ஊர்களைவிடக் கொடுத்துவைத்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது. அதற்கும் முன்பே டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கே வந்துவிட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும். அளவு தவறாமல் உலோகம் அறுக்கத் தெரிந்த கைகள் இங்கே தலைமுறையாக இருக்கின்றன. இறக்குமதியாகும் நான்கு பல் துளை உளிக்கு ஏன் அவ்வளவு பணம் என்று கேட்டுக்கொண்டே, எங்கள் பட்டறையில் ஓ.எச்.என்.எஸ். எஃகுத் துண்டு ஒன்றை எடுத்து, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் சாய்சதுரப் பற்களை ஒயர்-கட் இயந்திரத்தில் அறுத்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கினோம். முதல் உளியின் பல் ஒன்று பொட்டென்று ஒடிந்தது. விறைப்பு ஏற்றிய எஃகைத் திரும்ப மிதமாகச் சூடாக்கி முறுக்கத்தைத் தணிக்க வேண்டும் என்பதை, டை வேலை பார்க்கிற நண்பர் ஒரே பார்வையில் சொன்னார். இரண்டாவது உளி ஐந்து வருடமாக உழைக்கிறது.

தோலுக்கும் இயந்திரத்துக்கும் இந்த ஊரில் இருந்த பழக்கமும் பழையது. சைக்கிளின் பழைய சீட் தோல். காற்றடிக்கும் பம்பின் உள்ளே கிண்ணம் போல இருந்த வாஷர் தோல். அது காய்ந்தால் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்ததை நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். தெருமுனையில் நின்ற இந்தியா மார்க்-2 அடிபம்பின் உள்ளேயும் முதலில் தோல் வாஷர்தான் தண்ணீரை மேலே ஏற்றியது. வயல்களாக இருந்த காலத்தில் பூந்தமல்லிச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்தபோது, சாலின் அடியில் தும்பிக்கை மாதிரி தொங்கியதும் தோல்தான்.

தோல் ரயில் தூரத்தில் இருக்கிறது, கருவி பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அப்புறம் என்ன தடை?

நான் தோல் வாங்கி வந்த முதல் நாள் அம்மா கேட்டார்: "செருப்பு தைக்கிற வேலய வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சுக்கிட்டயா?" கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். இன்றுவரை என் தோல் சுருள் மாடிப்படிக் கட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஹாலுக்கு வரவில்லை. அம்மாவின் சொல்லில் இருந்தது பல நூற்றாண்டுப் பழக்கம். சிலப்பதிகாரம் புகார் நகரத்தின் கைவினைஞர்களை வரிசையாகச் சொல்லும்போது தோல் தைப்பவர்களையும் மற்றவர்களோடு சேர்த்தே சொல்கிறது. அந்த வரிசையிலிருந்து அவர்களைப் பிரித்து ஊருக்கு வெளியே தள்ளியது சாதி. தோலைத் தொட்ட கை தீட்டு என்றது. அதே தோலில் செய்த மிருதங்கம் சபையில் முன்வரிசையில் இருந்தது. அதற்குத் தோல் மூட்டியவர்கள் யார் என்று கேட்க, டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதும்வரை பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. திண்டுக்கல் தோல்ஷாப்புத் தொழிலாளிகளின் வாழ்க்கையை எழுதிய டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நின்ற கால்களின் கதை அது.

பொழுதுபோக்காகத் தோல் தைக்கிற என்னைப் போன்றவர்கள் இதை மனதில் வைக்காமல் ஒரு தையலும் போடக்கூடாது என்று நினைக்கிறேன். நான் ஊசியை எடுப்பது என் விருப்பம். வேண்டாம் என்றால் நாளைக்கே வைத்துவிடலாம். குடைக்குக் கீழே இருக்கும் பெரியவருக்கு அந்த விருப்பம் தரப்படவே இல்லை. ஒருநாள் அவரிடம், இந்தக் கைத்திறமை உங்களோடு போய்விடக் கூடாதே என்றேன். அவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "எம்பொண்ணு நர்சிங் படிக்குது சார். இந்த ஊசியத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டேன்." நான் கேட்டது எவ்வளவு தவறு என்று அப்போதுதான் உறைத்தது. தொழிலைக் காப்பாற்று என்று அருந்ததியர் வீட்டுப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்தத் திறமை பிழைக்க வேண்டுமானால் பிறப்பால் இதில் தள்ளப்படாதவர்கள் கற்றுக்கொள்ளட்டும், கற்றுக்கொடுப்பவருக்குக் குருவின் மரியாதையையும் உரிய கூலியையும் கொடுக்கட்டும்.

இப்படி ஒருவர் விரும்பிக் கற்றுக்கொண்டதற்கு நம் கண்முன்னே பெரிய உதாரணம் உண்டு. 1910இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. காந்தியின் நண்பர் காலன்பாக் ஒரு கிறிஸ்தவத் துறவி மடத்துக்குப் போய்ச் செருப்பு தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் பண்ணைப் பிள்ளைகள் கற்றார்கள். சிலர் தன்னை மிஞ்சிவிட்டதாகக் காந்தியே எழுதியிருக்கிறார். தான் தைத்த செருப்பு ஜோடி ஒன்றை 1914இல் தென்னாப்பிரிக்க அமைச்சராக இருந்த ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். பல கோடைகள் அதை அணிந்த ஸ்மட்ஸ் 1939இல் காந்தியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டித் திருப்பி அனுப்பினார். செய்தவருக்கு அதைவிட என்ன சொல்லிவிட முடியும்? பொருள் உழைத்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு பரவிய விதமும் கவனிக்கத்தக்கது. டெக்சஸில் 1919இல் செருப்புக் கடைகளுக்குச் சாமான் விற்கத் தொடங்கிய டாண்டி குடும்பத்தின் மகன் சார்லஸ் டாண்டி, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் ஹவாயில் இருந்தார். காயம்பட்ட வீரர்கள் மருத்துவமனையில் தோல் வேலை செய்து மனம் தேறுவதை அங்கே கண்டு அப்பாவுக்கு எழுதினார். அதிலிருந்துதான் கைவேலைத் தோலும் கருவியும் விற்கும் கடைச் சங்கிலி வளர்ந்தது. சாமானோடு கற்றுக்கொடுப்பதும் சேர்ந்தே போனதால்தான் அது நிலைத்தது என்பது என் கணிப்பு. புதுச்சேரியில் 1978இல் திலீப் கபூர் பொழுதுபோக்காக, இரண்டே பேர் வேலை செய்யும் பட்டறையாகத் தொடங்கியதுதான் இன்று ஹைடிசைன் என்ற தோல் பை நிறுவனம். அதன் பெயரும் மரப்பட்டையில் பதனிட்ட தோலில்தான் எழுந்தது.

கற்றுக்கொள்ள வருபவருக்கு ஊக்கம் வேண்டும் என்போம், ஆனால் அந்தச் சொல்லை நாம் பாராட்டு என்ற பொருளிலேயே புழங்குகிறோம். உளவியல் ஆய்வுகள் அதைச் சற்று எச்சரிக்கையோடு பார்க்கின்றன. 1973இல் லெப்பரும் கிரீனும் நிஸ்பெட்டும் செய்த ஆய்வில், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளிடம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பின்னால் அவர்கள் தாமாக வரைவது குறைந்தது. 1998இல் முல்லரும் டுவெக்கும், கெட்டிக்காரன் என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் கடினமான புதிர் வந்தபோது சீக்கிரம் சோர்ந்ததையும், நன்றாக முயன்றாய் என்று கேட்டவர்கள் தொடர்ந்து போராடியதையும் காட்டினார்கள். எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. காசு கட்டி ஒருநாள் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். துளைகள் முன்பே குத்தியிருந்தன, தோல் முன்பே வெட்டியிருந்தது. நாங்கள் நூலைக் கோத்தோம். எல்லோருக்கும் கைதட்டும் சான்றிதழும் கிடைத்தன. எட்டு பேரில் வீட்டுக்குப் போய் இன்னொன்று செய்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. கை எங்கே தவறும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே எங்களுக்கு அவர்கள் தரவில்லை.

இதற்கு நேர்மாறான வகுப்பு ஒன்று எங்கள் தெருவிலேயே நடக்கிறது. திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லி வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் 'ஆரி ஒர்க் கற்றுத்தரப்படும்' என்ற பலகை தென்படும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைச் சுற்றி ஐந்தாறு பெண்கள். மேலே கொக்கி ஊசி, கீழே நூல் பிடித்த கை. சொல்லிக்கொடுக்கும் அக்கா ஒவ்வொரு சட்டமாகக் குனிந்து, துணிக்கு அடியில் விரலை ஓட்டிப் பார்க்கிறார். "இங்க லூசா இருக்கு பாரும்மா, பிரிச்சிரு." பிரிக்கிறார்கள், திரும்பப் போடுகிறார்கள். ஆறு மாதத்தில் பக்கத்து வீட்டுக் கல்யாண ஜாக்கெட் ஆர்டர் வருகிறது. கையில் காசு வருகிறது. அடியில் விரலை ஓட்டுவதும், பிரிக்கச் சொல்வதும், உண்மையான ஒரு வேலையை நம்பி ஒப்படைப்பதும்தான் அங்கே ஊக்கம்.

அந்தக் கொக்கி ஊசியின் பூர்விகம் தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆரி வேலை குஜராத்தின் கட்ச் பகுதியில் மோச்சிகள், அதாவது தோல் தைப்பவர்கள், தோலில் பூ வேலை செய்த ஊசியிலிருந்து வந்தது. ஆவடிப் பெரியவர் செருப்பு வாரைத் தைப்பதும் அதே கொக்கி ஊசியில்தான், கொஞ்சம் தடிமன். குத்தி, அடியிலிருந்து நூலை வளையமாக மேலே இழுத்து, மறுமுனையை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்குவார். தெரு உள்ளே மரச்சட்டத்தில் இருக்கும்போது கலை, தெருமுனையில் இருக்கும்போது கூலி வேலை. ஊசி ஒன்றுதான்.

பொழுதுபோக்குக்காரர்கள் போடுவது வேறு தையல். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் விடுவது. இரட்டை ஊசித் தையல். ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் இன்னொரு இழை அதே துளைகளில் பிடித்துக்கொண்டு நிற்கும். தையல் மிஷினிலோ கொக்கி ஊசியிலோ இரு நூல்களும் நடுவில் ஒன்றையொன்று கோத்திருக்கும், ஒன்று அறுந்தால் வரிசை தளர ஆரம்பிக்கும். ஆனால் கொக்கி ஊசிக்கு வேகம் உண்டு, காத்துக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளருக்கு வேகம்தான் முக்கியம். என் வீட்டுப் பையில் இரட்டை ஊசி, அவருடைய குடைக்குக் கீழே கொக்கி ஊசி. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது என்பதை ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும்.

வழிகள் இல்லாமலில்லை. அடையாறு ஆராய்ச்சி நிறுவனத்திலும் கிண்டியிலுள்ள மத்தியக் காலணிப் பயிற்சி நிலையத்திலும் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்புக் கழகத்தின் வளாகம் இருக்கிறது. நந்தம்பாக்கத்தில் வருடா வருடம் சர்வதேசத் தோல் கண்காட்சி கூடுகிறது. இவை தொழிலுக்குப் போகிறவர்களையும் ஏற்றுமதியாளர்களையும் மனதில் வைத்து அமைந்தவை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து ஓரம் சீவக் கற்றுக்கொள்ள விரும்புகிற ஒருவருக்கும் அங்கே ஒரு பெஞ்சு போடலாம். அந்தப் பெஞ்சில் கற்றுக்கொடுப்பவராகத் தெருமுனைத் தொழிலாளியை, ஒருநாள் வருமானத்துக்குக் குறையாத சம்பளத்தோடு உட்கார வைக்கலாம். தெருவில் ஆரி அக்கா செய்வதை ஒரு நிறுவனம் செய்ய முடியாதா என்ன?

போன மார்கழியில் வானம் மூடியே கிடந்த ஒரு வாரம், மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த தோல் முழுக்கப் பூஞ்சை பூத்துவிட்டது. வெள்ளைப் பொடியாக. தூக்கிப் போடலாம் என்றுதான் எடுத்துப் போனேன். பெரியவர் ஈரத்துணியால் துடைத்து, முகர்ந்து பார்த்து, "தோல் சாவல. நெழல்ல காய வெச்சு எண்ணெ போட்டா வந்துரும்" என்றார். பக்கத்தில் ஒரு ஸ்டூலைத் தள்ளினார். நான் உட்கார்ந்தேன். பையிலிருந்து தேன்மெழுகு பூசிய நூலையும் இரண்டு ஊசியையும் எடுத்து அவரிடம் காட்டினேன். வாங்கி, இழுத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

ஒரு பள்ளிக்கூடப் பை காலையிலிருந்து அங்கே கிடந்தது, தோள்பட்டை வார் அடியோடு பிய்ந்து. அதை என் மடியில் வைத்தார்.

"இத நீ போடு தம்பி. நாலரைக்கு அந்தப் பாப்பா வரும்."

பதினான்கு துளை. கையைப் பார்த்துக்கொண்டே குத்தினேன். நாலு இருபதுக்கு முடிந்தது. அவர் பையை வாங்கி, வாரைத் திருப்பி, பின்பக்கத்தில் நகத்தை ஓட்டினார். எங்கேயும் நிற்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் பையை ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த செருப்பை எடுத்தார்.